பரீட்சை வைக்காமல் கொடுத்த வேலை

1

நான் இந்த ஊரில் உபாத்தியாயினி ஆகி சென்ற வாரத்தோடு ஒரு வருஷம் நிறைந்தது. அதை நினைவு வைத்துக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த தோழி எழுதியது. "சொந்தப் படிப்பின் பலத்தால் கடல் கடந்து வேலை பெற்றவள் என்று உன்னைப் பற்றி இங்கே புதிய மாணவிகளுக்குச் சொல்கிறோம்" என்று எழுதியிருந்தாள். மற்றது அப்பா சொல்ல, அவர் வேலை பார்க்கிற கிடங்கில் யாரோ எழுதிக்கொடுத்தது. "எழுதப் படிக்கத் தெரியாதவன் மகள் மலாய் நாட்டில் டீச்சர் என்று மானேஜர் ஐயாவே வாய்விட்டுச் சொன்னார்" என்று அதில் இருந்தது.

இரண்டையும் நான்கு தடவை படித்தேன். புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் புகழ்ச்சியில் ஒரு தப்பு இருக்கிறது. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது என் படிப்பு இல்லை. எது என்று ஊரில் உள்ளவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அதை எழுதினால் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். அவரை நினைத்தாலே இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆகையால் இதில் அவரைப் பற்றி எங்காவது கொஞ்சம் கடுமையாக இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

2

ஊரில் இருந்தவரை யாழ்ப்பாணத்தாரைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. பூகோளப் பாடத்தில் இலங்கையின் வடக்கு முனையைக் கோலால் தொட்டுக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அவர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டது இங்கே வந்துதான். அதற்கு அதிக நாள் ஆகவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, அம்மைத் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஏறினோம். கிள்ளான் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முதல் பாடம் முடிந்துவிட்டது.

நடத்தியவர் என் கணவர். செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. மூன்று வருஷம் முன்னால் வந்து, பிறகு என்னையும் குழந்தை செல்வியையும் வரவழைத்துக்கொண்டவர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தா கொடி காட்டறான் பாரு, சிலோன்காரன். உள்ள நாற்காலியில உக்காந்து எழுதறானே, அவனும் சிலோன்காரன். தண்டவாளம் போட்டது யாரு? நம்ம ஆளு. அதும்மேல நாற்காலியப் போட்டு உக்காந்தது அவனுங்க."

எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு குழாயடியில் அதை நானே கண்டுபிடித்ததுபோல் பலரிடம் சொல்லியிருக்கிறேன். குழாயடியில் இன்னும் நிறையக் கிடைத்தது. சிலோன்காரர்கள் தம் ஆளைத் தவிர வேறு யாரையும் உத்தியோகத்தில் ஏறவிட மாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அடுத்தபடி தாங்கள்தான் என்று நினைப்பு. நம்மைக் கூலி, கள்ளுக்கடைக் கூட்டம் என்பார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. நான் கூலி இல்லை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எட்டாவது தேறி, இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சியும் முடித்த சான்றிதழ்களை மெழுகுத்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இதை இந்த ஊரில் யாரிடம் சொல்வது?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரிசை முடிகிற இடத்தில் கிராணிமார் வரிசை தொடங்கும். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் முதல் வீடு கந்தையா கிராணியுடையது. அவர் மனைவிதான் தங்கரத்தினம். நாங்கள் குடிவந்த இரண்டாம் நாள் அவர் வாசலில் பாயில் மிளகாய் காயவைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இங்கிலீஷ் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். படங்களைப் பார்க்கவில்லை. விரல் வைக்காமல், உதடு அசையாமல் படித்தார். நான் துணி உலர்த்துவதுபோல் நின்று பார்த்தேன். நிமிர்ந்தார்.

"புதுசா வந்த ஆக்களோ? எந்த ஊர் பிள்ளை? படிச்சனீரோ?"

சொன்னேன். எட்டாவது, இரண்டு வருஷப் பயிற்சி, முதல் வகுப்புத் தேர்ச்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சொல்கிற இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும்.

"ஓ, டீச்சரே! நல்லது. எங்கட அம்மாவும் டீச்சர்தான். சின்னம்மாவும் டீச்சர். நானும் கலியாணத்துக்கு முந்தி படிப்பிச்சனான்" என்று சொல்லிக்கொண்டே மிளகாயைப் புரட்டினார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்ததை அந்த வீட்டில் செருப்பைப்போல் வாசலில் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

3

அதற்கு எட்டு மாதம் கழித்து, இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கப்போகிறார்கள், ஒரே ஒரு உபாத்தியாயினி தேவை என்று செய்தி வந்தது. எனக்காகவே வைத்த இடம் என்று நினைத்தேன். இந்த வரிசையில், ஏன் இந்த வட்டாரத்திலேயே, நம் ஊர்ப் பெண்களில் பயிற்சி பெற்றவள் என்னைத் தவிர யார்? இந்த வேலை கிடைத்தால் என் படிப்பை இந்த ஊரும் ஒப்புக்கொண்டதாகும். கிடைக்காவிட்டால் அந்தச் சான்றிதழ்கள் மெழுகுத்துணியிலேயே கிடந்து மக்கும்.

ஆனால் விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம். சான்றிதழ்களையும் இங்கிலீஷில் பெயர்த்து வைக்க வேண்டுமாம். சர்க்கார் உதவிக்காக இன்ஸ்பெக்டர் துரை பார்ப்பாராம். எனக்கு இங்கிலீஷ் வாசகப் புத்தகம் படிக்கத் தெரியும். துரைக்குக் காகிதம் எழுதத் தெரியாது.

"கந்தையா கிராணி சம்சாரத்துக்கிட்டக் கேளேன்" என்றார் கணவர்.

"அவங்ககிட்டயா? நீங்கதானே சொன்னீங்க, நம்மள ஏறவிட மாட்டாங்கன்னு?"

"சொன்னேன். எழுதித் தர வேற யாரு இருக்கா? கேட்டா கொறஞ்சா போயிடுவே?"

போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சான்றிதழ்களை வாங்கி நிதானமாகப் படித்தார். "வடிவா எழுதித் தாறன், முதல்லை தேத்தண்ணி குடியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பித்தளைப் பேணி இருந்தது. யாழ்ப்பாணத்தார் அப்படி மூக்கு வைத்த பாத்திரத்தில்தான் குடிப்பார்கள். எனக்குக் கொண்டுவந்தது ஒரு பீங்கான் கோப்பை.

இங்கே ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். வேறு யாராவது படித்தால் சொல்கிறேன். அப்பா தோல் கிடங்கில் எடை போடுகிறவர். மானேஜர் வீட்டுக்கு ஏதாவது வேலையாகப் போனால், கொல்லைச் சுவரில் ஒரு மாடத்தில் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பை ஒன்று இருக்கும். அதில்தான் அவருக்குக் காப்பி ஊற்றுவார்கள். அவர்கள் வீட்டுப் பித்தளையில் தோல் தொட்ட கை படக்கூடாது. குடித்ததும் அப்பாவே அதைக் கழுவி மாடத்தில் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். சிறுமியாக இருந்தபோது அவரோடு போய் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் படித்ததே அந்தக் கோப்பையை இனி யாரும் எங்களுக்கு நீட்டக்கூடாது என்பதற்காகத்தான்.

ஒரே மூச்சில் குடித்தேன். எழுந்தேன். நேரே அவர் வீட்டுப் பின்புறக் குழாய்க்குப் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏன் பிள்ளை நீர் கழுவுறீர்? வையும் அங்கை!" என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

"எங்களுக்குப் பழக்கந்தான்" என்றேன். சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் முகம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். பிடிபட்டுவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

4

தபாலாபீஸ் அருகில் மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதும் ஒருவர் உண்டு. அவரிடம் எழுதிக்கொண்டேன். காகிதம் நிறைய எழுதினார். படித்துக் காட்டச் சொன்னபோது, கருணை, பாதம், பிரார்த்தனை என்ற பொருளில் வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. நான் என்ன படித்தேன் என்பது கடைசி வரியில் இருந்தது.

பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளரிடம் அதைக் கொடுக்கப்போனால், அங்கே காகிதம் வாங்குகிறவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"இது யாரு, தி. மரகதம்?"

"நாந்தாங்க."

"நீ குடுத்த கப்பல் காகிதத்துல மிஸஸ் சுப்பையான்னுல்ல போட்டிருக்கு?"

"அதுவும் நாந்தாங்க. கல்யாணத்துக்கு முந்தி படிச்சேன்."

"அதுக்கு அத்தாட்சி?"

"நாந்தான் வந்து நிக்கிறேனே!"

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. காகிதத்துக்குத் தெரியணும்ல? படிச்ச பொம்பளையும் கட்டிக்கிட்ட பொம்பளையும் ஒரே ஆளுன்னு யாராவது எழுதிக் கொடுக்கணும். சான்றிதழுக்குப் பெயர்ப்பும் சரியில்ல. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. போயி மாத்திக் கொண்டா."

வீடு வரும்வரை எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வருஷம் பயிற்சிப் பள்ளியில் எண்ணெய் விளக்கின் கீழ் படித்தவள் வேறு ஒருத்தியாம். சுப்பையாவுக்குச் சமைக்கிறவள் வேறு ஒருத்தியாம்.

ஒன்பது நாளில் நான்கு போய்விட்டன. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கந்தையா கிராணியின் ஆபீஸ் துரை ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்கே வந்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தோம். கிராணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தங்கரத்தினம் அக்கா தட்டில் ஒரு கோப்பையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து துரைக்கு நீட்டினார். தங்க விளிம்பு போட்ட பீங்கான். அன்று எனக்குக் கொடுத்ததே அதுதான். கிராணிக்குப் பித்தளைப் பேணி.

என் பக்கத்தில் நின்ற பெண் "ஒஸ்திக் கோப்பையை எடுத்துட்டாங்க பாரு, துரை வந்ததும்" என்றாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

5

மறுநாள் காலையில் போனேன். மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லாததால் வாசலிலேயே நின்று முழுக் கதையையும் சொன்னேன். மாடம், அப்பா, கொல்லைக் குழாய் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ பிள்ளை! அது என்ரை கலியாணத்துக்கு வந்த கோப்பை. ஆறிலை ரெண்டு உடைஞ்சு போச்சு. நல்ல ஆக்கள் வந்தால்தான் எடுக்கிறது. நீர் எழும்பிப் போய்க் கழுவ, நான் என்ன நினைச்சன் தெரியுமே? இந்த இந்தியாக்காரிக்கு எங்கட கை பட்ட சாமான் அருவருப்பு, அதுதான் நாங்கள் பேசினதையும் சேர்த்துக் கழுவிப்போட்டுப் போறாள் எண்டு. ரெண்டு நாள் அவரோடையும் கதைக்கேல்லை, அவ்வளவு கோவம்."

"எனக்குக் கோபம் இன்னும் போகலைக்கா. யார்மேலேன்னுதான் தெரியலை."

"சரி, இரும். உம்மட காகிதங்களைத் தாரும்."

மேஜையில் உட்கார்ந்தார். எழுதத் தொடங்குமுன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்டு சொல்லவேணும். ஒளிச்சுச் செய்யிற பழக்கம் எனக்கில்லை. அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டிருக்கிறன். எட்டு வருஷமா மிளகாய் காயவைக்கிறன் பிள்ளை. எனக்கும் வகுப்புக்குள்ளை போகவேணும் போலை கிடக்கு. உமக்கு அது சரியெண்டால் எழுதுறன். இல்லையெண்டால் வேறை ஆளைப் பாரும்."

வேறு ஆள் இல்லை. எழுதச் சொன்னேன். ஒரு பக்கத்தில் விண்ணப்பம், ஒரு பக்கத்தில் சான்றிதழ்களின் பெயர்ப்பு, தனித்தாளில் தி. மரகதமும் மிஸஸ் சுப்பையாவும் ஒரே பெண்தான், நான் அறிவேன் என்று உறுதிமொழி. "எனக்கும் இதே கரைச்சல் வந்தது, அப்ப அம்மா எழுதித் தந்தவ" என்றார். அவருக்கு எழுதித் தர ஓர் அம்மா இருந்தார்.

அவர் முத்துப்போல் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தானும் போட்டிக்கு நிற்கிறவர் எனக்கு எதற்காக நன்றாக எழுத வேண்டும்? வீட்டுக்கு வந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அந்த மரத்தடிக்குப் போனேன். மனு எழுதுகிறவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் பாதி வந்ததும் நிறுத்தினார்.

"யாரும்மா எழுதினது?"

"ஏன், தப்பா இருக்கா?"

"தப்பா? இதை வச்சுத் துரை வீட்டுலயே வேலை வாங்கலாம். எனக்கு இந்த மாதிரி வராதும்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை. அவர் மட்டமாக எழுதியிருந்தால் நான் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

6

கமிட்டியார் மூன்று பேர். தலைவர் ஜவுளிக்கடைக்காரர், அவர் கடை மாடியில்தான் பேட்டி. இன்னொருவர் கான்டிராக்டர். மூன்றாமவர் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். மூன்று பேரும் நம் ஊர்க்காரர்கள். நானும் தங்கரத்தினம் அக்காவும் ஒன்றாகவே நடந்து போனோம். வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கையில் ஒன்றும் இல்லை. நான் ஒரு பாடத்தையே தயார் செய்து, புளியங்கொட்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன், கூட்டலும் கழித்தலும் நடத்திக் காட்ட.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். உடனே வெளியே வந்துவிட்டார். பிறகு நான் போனேன்.

"எந்த ஊரும்மா?" என்றார் தலைவர்.

"திண்டுக்கல்லுங்க."

"அட, நம்ம பக்கம்!" என்று கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழனி ரோட்டுலதான் எம் பெரிய மகளைக் குடுத்திருக்கு. அங்க யாரு வீடு?"

சொன்னேன். அப்பா வேலையைச் சொல்ல வாய் வரவில்லை, டவுனில் இருக்கிறார் என்றேன். மழை எப்படி, மாரியம்மன் திருவிழா எப்போது, கப்பலில் வாந்தி வந்ததா என்று கேட்டார்கள். சான்றிதழ் கட்டு மேஜைமேல் கட்டியபடியே கிடந்தது.

கான்டிராக்டர் வாசல் பக்கம் தலையை ஆட்டினார். "அந்தம்மா இங்கிலீஷெல்லாம் ஜோராத்தான் பேசுது. ஆனா நம்ம பள்ளிக்கூடத்துலயும் சிலோன்காரியைக் கொண்டாந்து வச்சா, நம்ம பொம்பளப் பிள்ளைக எங்க போவும்? தண்டவாளம் போட்டது நாம, நாற்காலி போட்டது அவனுங்க. இந்த ஒரு நாற்காலியாவது நமக்கு இருக்கட்டும்."

மூவரும் சிரித்தார்கள். நான் குழாயடியில் சொல்லிச் சொல்லித் தேய்த்த அதே வாக்கியம். என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் இந்த மாடியில் எனக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது.

"ஐயா, என் சான்றிதழை நீங்க பிரிச்சுப் பார்க்கலீங்களே" என்றேன்.

"அது கெடக்கும்மா. உன்னைப் பாத்தாத் தெரியலியா?"

"ஒரு பாடம் நடத்திக் காட்டறேனுங்க. அவங்களும் நடத்தட்டும். ரெண்டையும் பாத்துட்டு யாருக்கு வேணா குடுங்க."

தலைவர் கங்காணியின் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா, திண்டுக்கல் பொண்ணு! தைரியத்தைப் பாருங்க. அதெல்லாம் வேண்டாம்மா. ஒண்ணாந்தேதி வந்து சேந்துரு."

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. புளியங்கொட்டை மூட்டையை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

தங்கரத்தினம் அக்கா கீழே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கிடைச்சுதோ?"

"கிடைச்சிடுச்சுக்கா."

கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். பிறகு, "உம்மட்டை என்ன கேட்டவை?" என்றார்.

"எந்த ஊருன்னு கேட்டாங்க."

"என்னட்டையும் அதைத்தான் கேட்டவை" என்று சொல்லிச் சிரித்தார். "எங்கட ஆக்கள் மூண்டு பேர் அந்தக் கதிரையிலை இருந்திருந்தாலும் இதே கேள்விதான் பிள்ளை. மறுமொழிதான் மாறியிருக்கும். உம்மட கட்டையும் ஒருத்தரும் அவிழ்த்திருக்க மாட்டினம்."

அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவர் பாசார் என்கிற சந்தையில் மீன் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் எனக்கு முதுகு காட்டிப் போகும்போதுதான் தோளில் கிடந்த முந்தானையால் முகத்தைத் துடைத்ததைக் கவனித்தேன். வெயிலுக்காகவும் இருக்கலாம்.

7

ஆக, யாழ்ப்பாணத்தார் பற்றி இப்போது என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், குழாயடியில் நான் முன்போல் பேசுவதில்லை. அவர்கள் தம் ஆளை ஏற்றுவது உண்மைதான். நாங்களும் ஏற்றுகிறோம், ஏறியவள் நான். இகழ்ச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பொறாமை போகவில்லை. அது முன்னைவிடக் கூடியிருக்கிறது, ஏனென்றால் முன்பு ஒரு கூட்டத்தின்மேல் பரவிக் கிடந்தது இப்போது ஒரு வீட்டின்மேல் நிற்கிறது.

என் வகுப்பில் முப்பது பெண்பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் துரை ஒருமுறை வந்து தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்து கரும்பலகையை அழிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. அன்று இரண்டு பேரையும் பாடம் நடத்தவிட்டிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? நான்தான் என்று சில நாள் தோன்றும். பல நாள் தோன்றாது. ஜெயித்திருந்தாலும் எனக்குச் சொந்தம், தோற்றிருந்தாலும் எனக்குச் சொந்தம். அந்த மூன்று பேரும் இரண்டில் ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை.

தங்கரத்தினம் அக்கா இப்போது தம் வீட்டு வராந்தாவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆரம்பத்தில் கிராணிமார் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பிறகு எங்கள் வரிசையிலிருந்தும் இரண்டு மூன்று போக ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலியோரம் என் நடை தானாகத் தளரும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்குத் தொண்டை கட்டாத நாளே இல்லை.

செல்விக்கு இந்த மாதம் ஐந்து வயது முடிந்தது. விஜயதசமியன்று எழுத்துக்கு வைக்க வேண்டும். என் வகுப்பு இருக்கிறது, முதல் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும். நான் இரண்டு இரவு யோசித்துவிட்டு, குழந்தைக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து, வேலியைச் சுற்றி அந்த வீட்டுக்கு அழைத்துப்போகப் புறப்பட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர். "டீச்சர் மகளே அடுத்த வீட்டுல போயிப் படிச்சா, ஜனங்க என்ன சொல்லும்? கமிட்டிக்குத் தெரிஞ்சா?"

"சொல்லட்டும்."

"நீ சொல்லிக் குடுக்க முடியாதா?"

"முடியும். அவங்க நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க."

அந்த வாக்கியத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போது எச்சில் கசந்தது.

தங்கரத்தினம் அக்கா கேட்டார்: "உம்மட பள்ளிக்கூடம் என்னத்துக்குக் கிடக்கு பிள்ளை?"

"செல்விக்கு நீங்க வேணும்க்கா" என்றேன். அவர் குழந்தையின் கையைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தார்.

இது நடந்து நான்கு நாள் ஆகிறது. இன்று சாயங்காலம் செல்வி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "படிச்சியா?" என்றால் "ஓம்" என்கிறாள், அந்த வீட்டுப் பிள்ளைகள்போல். சிலேட்டை வாங்கிப் பார்த்தேன். கோணல்மாணலாக, ஆனால் ஒரு எழுத்தும் விடாமல், "படம்" என்று எழுதியிருந்தாள்.

நான் அகரத்தில்தான் தொடங்குவேன். எனக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்த முதல் எழுத்தின் சுழியில் விழுந்து எழுந்து மூன்று வாரம் ஆகிறது. தங்கரத்தினம் அக்கா சுழியின் பக்கமே போகவில்லை. கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தால் டகரம். அதன் மறுமுனையை மேலே தூக்கினால் பகரம். அதிலே ஒரு வளைவு சேர்த்தால் மகரம். நான்காம் நாள் குழந்தை கையில் ஒரு சொல்.

"யாரு இதை முதல்ல எழுதச் சொன்னா?"

"டீச்சர்" என்றாள் செல்வி. என்னை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். டீச்சர் என்பது அவளுக்கு வேறு ஆள்.

அவளைக் கட்டி முத்தம் கொடுத்து விளையாட அனுப்பினேன். பிறகு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். நாளை என் வகுப்புப் புதுப் பிள்ளைகளும் டகரத்தில் தொடங்குவார்கள்.